ஜெயவேலுவின் உப்பு

முடிச்சூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் லேபில், 1998-இல் வாங்கிய உப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. காரணம், லேப் அட்டெண்டர் ஜெயவேலு.

அந்த உப்பு சும்மா இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் தூய பொருள்கள், கலவைகள் பாடம் வரும். பிள்ளைகள் உப்பில் மணலைக் கலப்பார்கள், தண்ணீரில் கரைப்பார்கள், வடிகட்டுவார்கள், காய்ச்சுவார்கள். மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயவேலு கிண்ணங்களைச் சுரண்டி, உப்பைப் பழையபடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பார். மணலைக் கழுவிக் காயவைப்பார். இரும்புத்தூள் திருமுடிவாக்கத்து லேத் பட்டறையில் ஒரே ஒரு முறை கேட்டு வாங்கியது. காந்தத்தின் தயவில் அது கந்தகத்திடமிருந்து இருபத்தேழு முறை விவாகரத்து பெற்றிருக்கிறது. இப்படிச் செய்யும்படி நிர்வாகம் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

முதல் வருஷம், கரைந்த உப்பு இனி வராது என்று ரோஹிணி என்ற பெண் தேம்பித் தேம்பி அழுதாள். கிண்ணத்தில் அது பரல் கட்டியதும் குனிந்து, இமைக்காமல் பார்த்தாள். இப்போது அவள் காட்டாங்குளத்தூரில் பேராசிரியை. அவள் கரைத்த உப்பும் இந்தப் பாட்டிலில்தான் இருந்தது. 2015 வெள்ளத்தில் ஊரே டிவியையும் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜெயவேலு இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கு வந்து, பாட்டிலைத் தலைமேல் வைத்து இரண்டாம் மாடியில் குடியேற்றினார். டிவி நனைந்தால் டிவியாகவாவது கிடைக்கும், உப்பு அப்படியில்லை என்பது அவர் கட்சி. பாட்டிலில் அவர் கையெழுத்தில் ஒரு லேபிள்: ‘உப்பு. தூய பொருள். 1998.’

ஓய்வுபெறும் நாளும் வந்தது. லேபிளைத் தொடும் அளவுக்கு உப்போடு அந்தப் பாட்டிலை வேதியியல் ஆசிரியை மிருதுளா மேடத்திடம் ஒப்படைக்க வேண்டும். அது ஒன்றுதான் ஜெயவேலுவின் ஆசை.

‘லேபில் எதையும் உண்ணக் கூடாது’ என்று சுவரில் எழுதிவைத்தவரும் அவரே. அந்தப் பலகைக்கு நேர் கீழே தன் டீக்கான சர்க்கரையை ஒளித்துவைத்திருந்தவரும் அவரே. அதற்கு லேபிள் ஒட்டவில்லை, ஒட்டினால் சாட்சியாகிவிடும். பக்கத்தில் இந்த வருஷத்து வகுப்பில் காய்ச்சி எடுத்த உப்பு, அதே மாதிரி பாட்டிலில், அதே மாதிரி பரல் பரலாக. காலையில் அவசரத்தில் இரண்டு பாட்டிலையும் பழைய உப்போடு கொட்டி, நன்றாகக் குலுக்கியும்விட்டார். மேசையில் சிந்தியதைத் தேடி எறும்புகள் வரிசைகட்டியபோதுதான் சர்க்கரையும் உள்ளே போனது புரிந்தது.

“இன்னா மேடம் பண்றது? தண்ணில ரெண்டும் கரையுது. காந்தம் ரெண்டையும் சீண்ட மாட்டேங்குது.”

“விடுங்கண்ணா. கடைல ஒரு பாக்கெட் வாங்கிக் கொட்டிடலாம். எல்லாம் ஒரே சோடியம் குளோரைடுதானே.”

“வெள்ளத்துல தலைமேல தூக்கினு வந்தது இன்னா, சோடியம் குளோரைடா?”

மிருதுளா பாட்டிலை அருகே இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.

“சர்க்கரைய நல்லா சூடு பண்ணா கரியாயிடும்ணா. கரி தண்ணில கரையாது. உப்புக்கு ஒண்ணும் ஆகாது.”

சத்துணவுக் கூடத்து வாணலி வந்தது. அடுப்பில் ஏறிய கலவை முதலில் இளகியது, பிறகு பொன்னிறமானது. பள்ளி ஆயா அஞ்சம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். “இன்னாண்ணே, கடைசி நாள்னு ஜிலேபி போடறியா? வாசனை கேட் வரைக்கும் வருது.”

சொல்லி முடிப்பதற்குள் வாணலி கறுத்துப் புகை கிளம்பியது. மிருதுளா ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தார்.

“லேபக் கொளுத்திட்டா ரிடையர்மென்ட் கேன்சல்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்றார் அஞ்சம்மாள், வாசலுக்கு வெளியே நின்று.

ஜெயவேலு காதில் வாங்கவில்லை. கரிக்கட்டியை இடித்துத் தண்ணீரில் போட்டார். வடிகட்டினார், கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. மீண்டும் வாணலி, மீண்டும் புகை, மீண்டும் வடிதாள். மூன்றாம் முறை கிட்டத்தட்டத் தெளிந்தது. சாயங்காலம் கிண்ணத்தில் தண்ணீர் வற்றியபோது, ஓரத்திலிருந்து பரல் கட்டத் தொடங்கியது. இருபத்தேழு வருஷமாகப் பார்த்த காட்சிதான். ஆனாலும் ஜெயவேலு குனிந்து, முதல் வருஷத்து ரோஹிணியைப் போலவே பார்த்தார்.

பாட்டிலில் கொட்டியபோது லேபிளுக்கு இரண்டு விரல் குறைவு. நிறத்தில் லேசான மஞ்சள்.

“வந்துடுச்சுண்ணா. யாருக்குத் தெரியப்போகுது, கையெழுத்துப் போடறேன்” என்றார் மிருதுளா.

“இருங்க மேடம்.” ஜெயவேலு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ‘தூய பொருள்’ என்பதை அடித்துவிட்டு, ‘கலவை’ என்று எழுதினார். “இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி கீது. அடுத்த வருசம் பசங்க வடிகட்டிக்கட்டும்.”

அதற்குப் பிறகு பீக்கரில் கடைசி டீ கொதித்தது. சர்க்கரைதான் இல்லை. பலகைக்குக் கீழேயே நின்று மூவரும் குடித்தார்கள். மிருதுளா முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, உப்புப் பாட்டிலைக் கீழ் அலமாரியிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றினார். வெளியே மழையின் அறிகுறியே இல்லை, வானம் வெளிவாங்கித்தான் இருந்தது.