மெஹபூப் பீயின் ஆறாவது ஆள்

சணல் நுனியைப் பல்லில் கடித்தபடியே மெஹபூப் பீ பதில் சொன்னாள். கேள்வி அவளைக் கேட்டதல்ல. எதிர்வீட்டு அம்மாக்கண்ணுவைக் கேட்டது.

"வயசு?" என்றார் ரங்கநாதன் வாத்தியார்.

"முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கோங்க சார்" என்றாள் அம்மாக்கண்ணு.

"எங்க போட்டுக்கறது? ஏரி ஒடஞ்ச வருசம் பாவாடைய தூக்கிப் புடிச்சிகினு தண்ணில நின்னவ நீ. நாப்பத்திரெண்டு எழுது வாத்தியாரே!" தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்தது குரல்.

எண்பத்தொன்றாம் வருஷம், பிப்ரவரி மாதம். தொண்டூர் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ரங்கநாதனைப் பிடித்து, கைநிறைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைக் கொடுத்து, செஞ்சியில் இந்தத் தெருவை எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தது அரசாங்கம். கோட்டைப் பாறைகள் பத்து மணிக்கே கக்கும் அனலைப் பற்றிச் சக ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். மெஹபூப் பீயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிழிந்த கோணி தைப்பது அவள் தொழில். மண்டியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கடலைக் கோணிகளை உதறுவாள். எலி கடித்த ஓட்டைக்கு ஒட்டு வைத்து, சாண் நீள ஊசியால் தைப்பாள். கடைசியில் பக்கத்திலிருக்கும் தகரமூடியில் கட்டைவிரல் பருமனான அச்சைத் தோய்த்து, மண்டிக்காரரின் அடையாளத்தைக் கோணி மூலையில் கறுப்பு மையால் குத்துவாள். அந்த அடையாளம் இல்லாத கோணி எந்த மண்டிக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்த இடத்தில் சணல் முறுக்கிக் காதில் மாட்டியிருப்பாள். சணல் தூசியால் தும்மல் வரும்; வந்தால் மண்டிக்காரரை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தும்முவாள்.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தப் பாஷை, எங்கிருந்து வந்தவர்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அம்மாக்கண்ணு வூட்ல தெலுங்கு பேசுவாங்க, சண்டைன்னு வந்தா மட்டும் தமிழு. மூலை வூட்டு சிங்கு இருக்காரே, அவுங்க பாட்டன் முப்பாட்டன் வடக்கேருந்து குதிரையில வந்தாங்களாம். இவரு சைக்கிள்ல ஏறவே ரெண்டு பேரு புடிக்கணும். பாத்திரக்கடை நைனாரு மேல்சித்தாமூரு ஜைனரு. பொழுது சாஞ்சா அவுங்க வூட்ல சாப்பாடு கெடையாது, நீ போயி வெளக்கு வச்ச நேரத்துல காபி கேட்டுடாத."

"நான் எதுக்குங்க காபி கேக்கப் போறேன்?"

"மூஞ்சியில எழுதியிருக்குது."

ரங்கநாதனுக்கு எரிச்சல் கழுத்துவரை வந்தது. ஒருநாளில் இருபது வீடு முடிக்கவேண்டும். மத்தியானம் ஆகியும் ஒன்பதைத் தாண்டவில்லை. அவர் கேட்டால் ஜனங்கள் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் தலையாட்டினால்தான் வாய் திறக்கிறார்கள்.

"பாயம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா நாலு வீடு கூட முடிப்பேன்."

"நான் சும்மா இருந்தா நாலையும் தப்பா முடிப்பே."

அவள் வீட்டு முறை வந்தது. புருஷன் சர்தார் மண்டியில் எடை போட்டு ஓய்ந்தவர், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மருமகள் சாகிரா நிலைப்படியில் நின்று பதில் சொன்னாள். பேரப்பிள்ளைகள் இரண்டு. ரங்கநாதன் மளமளவென்று எழுதினார். இந்த ஒரு வீட்டிலாவது குறுக்கே பேச வேறு ஆளில்லை என்ற தெம்பு.

"சாகிரா, இன்னா எழுதியிருக்காருன்னு படி."

சாகிரா எட்டாவது படித்தவள். எட்டிப் பார்த்தாள். தயங்கினாள். "தாய்மொழி... உருதுன்னு இருக்குது மாமி."

ஊசி நின்றது.

"யாரு சொன்னது உருதுன்னு?"

"பேரைப் பாத்து போட்டேன்" என்றார் ரங்கநாதன்.

"பேரைப் பாத்தா! காலையிலேருந்து இன்னா பாஷையில உன்னோட மாரடிச்சிகினு கெடக்கறேன் நானு? எனக்கு உருதுல ஒரு எழவும் தெரியாது. மேலண்ட அசீசுன்னிசா வூட்லயும் இதே வேலதானா?"

ரங்கநாதன் படிவக் கட்டைப் புரட்டினார். இன்னும் ஐந்து வீட்டில் இதே வேலைதான். கேட்காமலே எழுதினால் ஒரு கேள்வி மிச்சம் என்று கண்டுபிடித்திருந்தார்.

"அத்தினியும் போயி மாத்து. சைபுதீன் வூட்ட மட்டும் தொடாத. அவுங்க நெசமாவே உருதுதான் பேசறாங்க."

வெயிலில் மறுபடி நாலு வீடு ஏறவேண்டும். ரங்கநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் இந்த வீட்டுப் படிவத்தை அடித்துத் திருத்தினார். "சரி. தமிழ். மொத்தம் அஞ்சு பேர்."

"ஆறு."

"அஞ்சுதானே பாயம்மா?"

"எங்க ரியாசு?"

மகன் ரியாசுதீன், சாகிராவின் கணவன், புதுச்சேரிக்காரர் ஒருவரோடு போய் நாலு வருஷமாக பிரான்சு நாட்டில் மர்செய் நகரத்து ஓட்டல் ஒன்றில் தட்டு கழுவுகிறான்.

"இங்க இல்லாதவங்களை எழுதக்கூடாது. ரூல்."

"ரேஷன் கார்டுல இருக்கறானே?"

"சர்க்கரை குறைஞ்சிடும்னு பயப்படாதீங்க. இதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை."

"தூ! சர்க்கரைக்கா பேசறேன்? எழுதாத போனா அவன் இல்லாதவனா?"

"அவனை அங்க எழுதுவாங்க. அந்த ஊர்லயும் கணக்கெடுப்பாங்க."

மெஹபூப் பீ கண்ணாடியைக் கழற்றிக் கோணியில் துடைத்து மாட்டினாள். பிறகு, எதிர்வீட்டைச் சொல்வதுபோலவே, பார்த்திராத அந்தக் கட்டடத்தைச் சொன்னாள். மாதாமாதம் கடிதத்தில் சாகிரா படித்துக் காட்டியதுதான்.

"ரியாசு இருக்கற எடம் ஆறு மாடி. கீழ இத்தாலிக்கார கெழவி, பூனை வச்சிருக்குது. ரெண்டாவதுல அர்மீனியாக்காரன், செருப்பு தைக்கறான். மூணுல அல்ஜீரியாக்காரங்க, பத்து பேரு, தொழுகைக்கு இவனைக் கூப்புடுவாங்க, ஆனா பேசினா ஒண்ணும் புரியாதாம். நாலுல எதோ தீவுக்காரங்க. மேல இவன். கட்டடத்துல எல்லாரும் இவனை பாண்டிச்சேரின்னுதான் கூப்புடறாங்க. செஞ்சின்னா எவனுக்கும் தெரியல."

"நல்ல ஊருதான் போலிருக்கு" என்றார் ரங்கநாதன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நல்ல ஊருதான். அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தன் காயிதக் கட்டோட ஏறி வருவான் இல்ல? செஞ்சியிலயே ஒக்காந்துகினு, என் வாயப் பாத்துகினே, நீ என்னை உருதுன்னு போட்ட. அவன் என் புள்ளைய மூணாம் மாடிக்காரங்களோட சேத்து எழுதிட்டுப் போயிட மாட்டானா?"

மூடப் போன பேனாவை ரங்கநாதன் அப்படியே பிடித்திருந்தார்.

"சாகிரா, ஏர்மெயில் தாள எடு. வாத்தியாரே, உன் கேள்விய ஒண்ணொண்ணா கேளு. ரியாசுக்கு."

"பாயம்மா, எனக்கு இன்னும் பதினோரு வீடு..."

"கேளு."

அவர் கேட்டார். வேறு வழியில்லை, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாமியார் சொல்லச் சொல்ல சாகிரா நீலத் தாளில் எழுதினாள். பெயர். தகப்பன் பெயர். வயது முப்பத்தொன்று. "கல்யாணம் ஆனவர்" என்று எழுதும்போது மட்டும் யாரும் சொல்வதற்கு அவள் காத்திருக்கவில்லை. பிறந்த ஊர் செஞ்சி. தாய்மொழி தமிழ். "அத ரெண்டு தரம் எழுது" என்றாள் மெஹபூப் பீ. எழுதினாள்.

"இத மடிச்சி சட்டைப் பையில வச்சிக்கச் சொல்லு. எவன் கேட்டாலும் காட்டணும். வாத்தியாரே, அடியில ஒரு கையெழுத்து. நீ கவர்மெண்டு ஆளு."

"நான் போடக்கூடாதுங்க. போட்டாலும் அந்த ஊர்ல செல்லாது."

"அவனை இங்க எழுதவும் மாட்டே."

"மாட்டேன் பாயம்மா. ரூல்."

தன் படிவத்தின் கீழே ஐந்து என்று எழுதி, ரங்கநாதன் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அசீசுன்னிசா வீட்டுப் பக்கமாக நாலடி வைத்தவர், திட்டு எதுவும் வராததால் திரும்பிப் பார்த்தார்.

மெஹபூப் பீ மடியிலிருந்த கோணியை இறக்கிவிட்டு, அதன்மேல் நீலத் தாளை விரித்துச் சுருக்கம் நீவினாள். மண்டி அச்சை எடுத்து ஓரமாக வைத்தாள். கட்டைவிரலைத் தகரமூடியின் கறுப்பு மையில் நன்றாகத் தோய்த்து, தாளின் கீழ்மூலையில், கோணிக்குக் குத்தும் அதே இடத்தில், அழுத்தி எடுத்தாள்.