ஏழாவது கம்பம் வரை

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கிற பக்காலாவின், அதாவது நம்ம ஊர் மளிகைக் கடையின் வாசலில், தினமும் காலை பத்து மணிக்கு மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கும். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கயிறு கட்டி விடுவார்கள். உள்ளே ஒரு சீட்டு: குப்பூஸ் ரொட்டி, தயிர், வெள்ளரிக்காய். சாமானைப் போட்டுக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் கூடை மேலே போய்விடும். ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும். வந்த புதிதில் எனக்கு ஒரே எரிச்சல். இறங்கி வந்தால் அறுபது படி, அதுக்குக்கூட வளையாத உடம்பா என்று முணுமுணுப்பேன். நம்ம மரக்காணத்தில் புழுக்கம் தாங்காமல் வீட்டை விட்டுத் தெருவில் வந்து உட்காருவோம். இங்கே வெயிலுக்குப் பயந்து தெருவை விட்டு வீட்டுக்குள் ஓடுகிறார்கள். இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் தங்கச்சி ஜீனத்தின் கதையும் அப்போது எனக்கு வழக்கமாகத்தான் தெரிந்தது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் மீன் ஏலம் எடுக்கக் கரைக்குப் போயிருந்தார். மறுநாள்தான் கிடைத்தார். ஜீனத் இத்தா உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தான பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது எங்கள் முறை. மே மாதம் இத்தா முடிந்தது. அப்புறமும் அவள் வெளியே வரவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, பெருநாளுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமி வீட்டுக்குக்கூட வரவில்லை. அம்மா போனில் குரல் தழுதழுக்கச் சொன்னார்கள்: இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேணுதலான பிள்ளையா என்று ஊரே பேசுதாம். நானும் பூரித்துப்போனேன். அவளை இப்படியே இருக்கச் சொல்லுங்கம்மா, நம்ம வீட்டுக்கே பெருமை என்றேன். அறையில் கூட இருந்தவர்களிடமும் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் மூன்றாம் மாடிக்காரர் சிகரெட் வாங்கக் கடைக்கு வந்தார். சிரியாக்காரர், சாதுவான மனிதர். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாமே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் அவர் மனைவியைப் புகழ்ந்தேன்.

"மதாம் ஜெயின். மாஃபி பர்ரா. மாஷா அல்லாஹ்."

மதாம் நல்லவர், வெளியிலேயே போவதில்லை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. "ஜெயின் இல்லை. மரீதா," என்றார். நோயாளி. பிறகு என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, உடைந்த இந்தியில் விளக்கினார். படியில் கால் வைத்தாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம், மூச்சு நிற்குமாம், செத்துவிடுவோம் என்று தோன்றுமாம். டாக்டர் சொன்னபடி தினமும் சாயங்காலம் ஒரு படி, இரண்டு படி என்று இறக்கிக் கூட்டி வருகிறார். இப்போது ஒன்பதாவது படியில் நிற்கிறார்கள்.

எனக்கு ஜீனத் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானமே ஊருக்குப் போன் போட்டு, ஜீனத் எப்போதாவது வெளியே போகப் பார்த்தாளா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார்கள். பிறகுதான் சொன்னார்கள். போன மாதம் அவளுடைய மகள் சபீனா பள்ளிக்கூடத்தில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆள் வந்து சொன்னதும் ஜீனத் புர்காவை மாட்டிக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தவள், அப்படியே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வயசுப் பிள்ளையை வேறு யாரோ தூக்கிப்போய்த் தையல் போட்டார்கள். தெருவில் அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்தார்கள்: பாருங்க, பெத்த பிள்ளைக்குக்கூட வாசல் தாண்டாத பொம்பளை.

2006 தொடக்கத்தில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். ஜீனத் இளைத்து வெளுத்திருந்தாள். முதல் இரண்டு நாள் என்னை நேராகப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் வைத்துச் சொன்னாள். இத்தா முடிந்த வாரம் அனுமந்தையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பியிருக்கிறாள். உப்பளத்துக்கு நடுவில் ஆட்டோ நின்றுபோனது. ரெண்டு பக்கமும் வெள்ளைவெளேர் என்று உப்பு. ஒரு மரம் கிடையாது, சுவர் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. திடீரென்று நெஞ்சு அடைத்து, விரலெல்லாம் மரத்து, இதோ மௌத்து வந்துவிட்டது என்றே நினைத்தாளாம். அன்று வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதிலிருந்து வாசலைப் பார்த்தாலே அது மறுபடியும் வந்துவிடுமோ என்று பயம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பெருமையா சொன்னேன்னு அம்மா சொல்லிச்சு. அதுக்கப்புறம் எப்படிண்ணே பயம்னு சொல்றது?"

அழுதேன், வேறென்ன செய்ய.

பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றதும் அம்மா எகிறினார்கள். நல்ல பெயர் எடுத்த பிள்ளையைப் பைத்தியமாக்கப் போறியா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் கார் பிடித்து, ஜீனத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அவள் கையை நான் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். இது பைத்தியம் இல்லை. திறந்த இடம், கூட்டம், பஸ் என்று ஓடித் தப்பிக்க முடியாத இடங்கள் மேல் வருகிற பயம். கடலும் சாவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். சிலருக்கு ஒரு காரணமும் இல்லாமலேகூட வரும். ஆனால் அதை வளர்ப்பது வேறு.

"பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். அது இறங்குறதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்கு ஓடிடுறீங்க. வீடுதான் காப்பாத்துச்சுன்னு உடம்பு நம்பிடுது," என்றார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: தினமும் கொஞ்ச தூரம் போகணும், பயம் வந்தால் அங்கேயே நிற்கணும், தணிந்த பிறகுதான் திரும்பணும்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பதினோரு கரண்ட் கம்பம். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி விடும்போது கேட்டில் நின்று சபீனாவைக் கூட்டி வரவேண்டும், அதுதான் ஜீனத் கேட்டது, வேறெதுவும் இல்லை. முதல் கம்பத்துக்கு நான்கு நாள் ஆனது. வேர்த்து ஊற்றும், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கலிமா ஓதுவாள். நேற்றுவரை புகழ்ந்த வாய்களே, புருஷன் போய் வருஷம் ஒன்றுதான் ஆகுது, அதுக்குள்ள ரோட்டில் நின்னு காத்து வாங்குறா என்றன. இரண்டு தடவை பாதியில் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் முதல் கம்பத்திலிருந்து மறுபடி. நான் விமானம் ஏறுகிற அன்றைக்கு மூன்றாவது கம்பம். பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முடியவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்று கையசைத்தாள். தெருமுனை திரும்பும்வரை நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

இங்கே கூடை இன்னமும் இறங்குகிறது. மதாம் எத்தனாவது படியில் இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் புருஷனும் இப்போது சிரிப்பதில்லை. ஊரில் நாலு மணி என்றால் இங்கே இரண்டரை. கடை அடைத்திருக்கிற நேரம். அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணித் தினமும் போன் போடுகிறேன். ஆறாவது கம்பம், ஏழாவது, மறுபடி ஐந்தாவது, மறுபடி ஏழு. அதற்கு மேல் மூன்று மாசமாக நகரவில்லை. போன வாரம் சபீனா போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"அம்மா ஏழாவது கம்பத்துல நிக்குது மாமா. நானே நடந்து வந்து அதக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்."

போனை வைத்துவிட்டு அறைக்கு நடந்தேன். அகலமான ரோடு, கொளுத்துகிற வெயில், ஒரு மனுஷன் இல்லை. என்னை அறியாமல் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனவன், ஏழாவதில் நின்றுவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கம்பத்தைப் பிடித்தேன், கை சுட்டது. திரும்பிப் பார்த்தேன். ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ள எனக்குப் பின்னால் வீடு இல்லை.