தேவகி அக்காவின் நிறைக் கணக்கு

செய்தி வந்தபோது வெக்ஸ்போர்ட்டில் நான் வேலை செய்யும் கார் பட்டறையில் ஒரு கதவுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். யோகண்ணைதான் தொலைபேசியில் கூப்பிட்டார். "ரவி, அக்கா போயிட்டா. கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு வா. இல்லையெண்டா அவவிட்ட எனக்குத்தான் பேச்சு விழும்" என்றார். மனைவி கண்ணை மூடிச் சற்று நேரத்துக்குள் ஒரு மனிதர் இப்படிப் பேசுகிறார் என்றால் அந்த மனைவி எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணீர் கண்ணை மறைத்ததில் பெயின்ற் ஓரிடத்தில் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி அடித்து முடித்த பிறகே புறப்பட்டேன்.

தேவகி அக்காவை உங்களில் பலர் முதியோர் இல்லத்துத் தாதியாக அறிவீர்கள். கலியாண வீடுகளில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரிக்கும் பருத்த பெண்ணாகச் சிலர் அறிவீர்கள். நான் எழுத வந்தது தேவகி அக்கா என்ற விமானியைப் பற்றி.

முதலில் அவரோடு சண்டைதான் பிடித்தேன். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் நான் குடிவந்த அன்று, எனது சோபாவை லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் யோகண்ணையோடு வந்தார். யோகண்ணைக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊரில் யுத்தத்தின்போது செல்லடியில் போனது. பொய்க்காலோடு அவர் சுவரைப் பிடித்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. அடுத்த லிஃப்டில் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா சோபாவை வெளியே இழுத்துப் போட்டு, கணவரை உள்ளே விட்டு, "சாமான் நிக்கட்டும், ஆள் ஏறட்டும்" என்றார். பிறகு கீழேயே நின்று எனக்குச் சோபா தூக்கவும் உதவினார். அப்படித்தான் எங்கள் உறவு தொடங்கியது.

விமான ஆசை யோகண்ணையுடையது. யாழ்ப்பாணத்தில் பலாலி விமானத் தளத்துப் பக்கம் பிறந்தவர், தலைக்கு மேலே பறந்ததையெல்லாம் பயமில்லாமல் பார்த்த காலமும் அவருக்கு இருந்தது. இங்கே விமானம் ஓட்டப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டதும் மருத்துவச் சோதனைக்குப் போனார். காலோடு சேர்த்து வேறு ஏதோ காரணமும் சொல்லி மறுத்துவிட்டார்கள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை அக்கா போய் வகுப்பில் சேர்ந்தார். அதற்கு முன் அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததாகக்கூட எனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டேன். "இவர் மேல போகோணும். கொண்டுபோக ஒரு ஆள் வேணுமே" என்றார்.

அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகு அவர்கள் அஜக்ஸுக்கு வீடு மாறினார்கள். கராஜில் கார் நிற்கவே இல்லை. இரண்டு பேர் இருக்கும் சின்ன விமானமொன்று பாகங்களாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. அதைப் பொருத்திப் பூட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு குளிர்காலம் போனது. பெயின்ற் என் பொறுப்பு. நல்ல இரத்தச் சிவப்பில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, முகம் பார்க்கலாம் போல அடித்தேன். சக்கரங்களுக்கு மேலே வரும் மூடிகளில் தீச்சுவாலை வரைந்தேன். யோகண்ணை இருக்கைகளுக்குத் தடித்த மெத்தையும் பாட்டுக் கேட்கக் கசற் பெட்டியும் வைத்தார். அவருடைய பெரியம்மா தரைக்குக் கம்பளமும் முன்னால் ஒரு பித்தளைப் பிள்ளையாரும் வைத்தார். ஆளுக்கு ஆள் அன்பை அள்ளிப் போட்டோம்.

பிறகு அஜக்ஸுக்கு வடக்கே ஒரு புல்வெளி விமானத் திடலுக்குக் கொண்டுபோய் நிறை பார்த்தோம். ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழும் ஒரு தராசு. விமானம் இவ்வளவு நிறைக்கு மேல் தூக்கக் கூடாது என்று ஓர் எல்லை இருக்கிறது. அதிலிருந்து விமானத்தின் வெறும் நிறையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மனிதருக்கும் பெற்றோலுக்கும். மனிதரை நிறுக்கும் நேரம் வந்தபோது நான் கலியாணத்துக்கு முந்திய நிறையைச் சொன்னேன். யோகண்ணையும் அப்படியே. அக்கா சப்பாத்தோடு தராசில் ஏறி நின்று, வந்த எண்ணைத் திடல் முழுக்கக் கேட்கச் சொன்னார். "பிளேனுக்கு வெட்கம் தெரியாது. ஏறுங்கோ" என்று எங்களையும் ஏற்றினார்.

கணக்கைப் பார்த்தால், அக்காவும் யோகண்ணையும் சேர்ந்து போக முடியாது. மூன்று சின்ன மூட்டை அரிசி அளவு நிறை கூடுதலாக இருந்தது. திடலைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் நல்ல மனதோடுதான் ஒரு வழி சொன்னார்: மெலிந்த விமானி ஒருவர் இருக்கிறார், அவர் யோகண்ணையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். அக்கா நன்றி சொல்லி மறுத்தார். யோகண்ணையோ, யாழ்ப்பாணத்து மினிபஸ் எத்தனை பேரைத் தொங்கவிட்டு ஓடியது, இது இந்தக் கொஞ்சத்தைத் தூக்காதா என்றார். அதற்கு அக்கா சொன்னதை அந்தத் திடலில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

"பாரம் கூடினா பஸ் நிண்டிடும். இது நிக்கிற இடத்தில நிலம் இல்லை."

பெற்றோலைக் குறைக்கலாமே என்றேன். சுற்றி வரவும், அவசரத்துக்கு மேலதிகமாகவும் எவ்வளவு வேண்டுமோ அதற்கு ஒரு சொட்டும் கீழே போக அவர் சம்மதிக்கவில்லை. எனவே கழற்றத் தொடங்கினோம். கம்பளம் போனது, கசற் பெட்டி போனது, மெத்தை மெல்லியதாயிற்று. பிள்ளையார் பெரியம்மாவின் மடிக்குத் திரும்பினார். என் பெயின்ற்றின் மேல்பூச்சுகளையும் தேய்த்து எடுக்க வேண்டும் என்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா என்னோடு சேர்ந்து தேய்த்தபடியே சொன்னார்: "உந்தச் சிவப்பு எனக்கும் விருப்பம்தான் ரவி. ஆனா இவரை விடப் பெரிசில்லை." நான் உப்புத்தாளை மாற்றிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தேய்க்கப் போனேன்.

கோடையில் மறுபடி நிறை பார்த்தோம். இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஒரு சின்னப் பை கோதுமை மா அளவுதான். எல்லோரும் சோர்ந்துபோய் நின்றோம். யோகண்ணை மர வாங்கில் உட்கார்ந்து காற்சட்டையை மடித்துப் பொய்க்காலின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். "இதைப் புல்லில வைச்சிட்டு வாறன். மேல போய் நடக்கவே போறன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா போய் அவர் முன்னால் குந்தி இருந்து வாரைத் திருப்பி இறுக்கினார்.

"இது சாமான் இல்லை, ஆள். ஆளைக் கழிக்கிறேல்லை."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கர மூடிகள் எல்லாவற்றையும் கழற்றினேன். தீச்சுவாலை புல்லில் கிடந்தது. தராசு எல்லைக்குள் வந்தது. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

பறக்கும் நாளன்று பெரியம்மா மாலை, தேங்காய், தேசிக்காய், ஒரு பெரிய பொதி புட்டு எல்லாவற்றோடும் வந்துவிட்டார். பயணம் போகிறவர்களைச் சாப்பாடில்லாமல் எப்படி விடுவது? தேசிக்காயைச் சக்கரத்துக்குக் கீழே வைக்கலாம், விமானத்துக்குள் ஒன்றும் வைக்கக் கூடாது என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். மாலை என் கழுத்துக்கு வந்தது. தேசிக்காய் நசுங்கியது, விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பெரியம்மா பிள்ளையாரைத் தூக்கிப் பிடித்து அவருக்கும் காட்டினார். நான் மாலையும் கழுத்துமாகத் திடலில் ஓடினேன். என் வாழ்க்கையில் நான் வென்ற நாள் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஏரி வரைக்கும் போய் வந்தார்கள். இறங்கிய யோகண்ணை, 401 வீதியில் கார்கள் எறும்பாக ஊர்ந்ததையும் தன் வீட்டுக் கூரையைத் தானே கண்டுபிடித்ததையும் சொல்லிச் சொல்லிப் புட்டைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் இன்னொரு முறை போவோமா என்று கேட்டார். அக்கா சிரிக்காமல் தராசைக் காட்டினார். "புட்டோட ஒருக்கா ஏறுங்கோ பாப்பம்."

அடுத்த வருடம் என்னையும் நெருக்கிப் படிக்க வைத்து விமானியாக்கினார். அதற்கடுத்த கோடைகளில் அவர்கள் இருவரும் எத்தனை தடவை பறந்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. நோய் அவரைப் படுக்கையில் போட்டபோது உடல் பாதியாகிவிட்டது. பார்க்கப் போன என்னிடம், இப்போது என்றால் கசற் பெட்டியையும் கொண்டு போகலாம் என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு யோகண்ணையை நான் மேலே கூட்டிப் போனேன். நான் அக்காவைவிட மெலிந்தவன், எல்லைக்குக் கீழே நிறைய மிச்சம் இருந்தது. என் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த சக்கர மூடிகளைக் கொண்டுவந்து, இப்போது பூட்டலாம், நிறை இருக்கிறது என்றேன். யோகண்ணை அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உது தேவகியின்ர நிறை. அதுக்குள்ள சாமான் வைக்கேலாது."

விமானம் முன்பைவிடச் சீக்கிரமாகவே எழும்பியது. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது நிறைக் கணக்கில் காலியான அந்த இடம்தான். அதில் எதையும் வைக்காமல்தான் பறக்கிறோம்.