இந்த வாரம் பாசி எப்படி?

நேற்றுக் காலை கோவில்பட்டி கடைத்தெருவில் பாசிப்பயறு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டு, "பாசி எப்படின்னு பாருங்கக்கா, புதூர்ச் சரக்கு" என்றார். சாக்கு வாடை மூக்கில் ஏறியதும் பயறை மறந்துவிட்டேன். அது அப்பாவின் சட்டை வாடை.

அப்பாவுக்கு இதே தெருவில் பயறு மண்டி. உளுந்து, பாசி, துவரை தவிர உலகத்தில் வேறெதுவும் விளைவதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. தூத்துக்குடியில் கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று கேட்டார். "கடல்ல பாசி எண்ணுத வேலைப்பா" என்றேன். நான் சொன்னது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை. எங்கள் ஊரில் பாசி என்றால் பயறுதான் என்பது படித்த திமிரில் மறந்துபோயிற்று.

"உப்புத்தண்ணியில பாசி மொளைக்குமா? கரிசல்லயே ரெண்டு மழை பெய்யலன்னா காய் பிடிக்க மாட்டேங்கு."

விளக்க விளக்கக் குழப்பம் கூடியது. கடைசியில் தீர்ப்பு வந்தது. "ஒரு மாசம் போ. நான் வந்து பாப்பேன். வெட்டி வேலையா இருந்துச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு எங்கூட வந்துரணும்."

அந்த மாதம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். வேலை அவ்வளவு பிடித்திருந்தது. கண்மாய் நிறைந்தாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரி நான். படகேறிய முதல் நாள், குடித்த காப்பியைக் கடலுக்கே கொடுத்தேன். ஆனாலும் வலையை இழுத்து, வந்ததைப் பாட்டிலில் ஊற்றி, கெடாமலிருக்க அயோடின் விட்டதும் ஒரு வாடை எழும் பாருங்கள், அதற்காகவே மறுநாளும் போவேன்.

அப்பா வந்தார். நுண்ணோக்கியில் குனிந்து ஒரு கண்ணை இடுக்கினார். "என் இமை முடிதாம்ட்டி தெரியுது" என்றார். சரிசெய்து கொடுத்தேன். வட்டமும் ஊசியும் சங்கிலியுமாகப் பாசிகள் தெரிந்திருக்க வேண்டும், மூச்சை இழுத்துக்கொண்டார்.

"இது எவ்வளவு தண்ணி?"

"ஒரு சொட்டுப்பா."

"ஒரு சொட்ட வச்சு கடலுக்கே சொல்லிருவியா?"

"எண்ணித்தாம்பா சொல்லுவோம். இது கொறஞ்சா மீன்குஞ்சுக்கு இரையில்ல. ஒரேயடியாப் பெருகிட்டா மீன் செத்து ஒதுங்கும்."

அவர் நிமிர்ந்தார். "அட, நீயும் மாதிரிதாம்ட்டி பாக்க."

மண்டியில் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். குத்தூசியைச் சாக்கில் செருகி, அதன் குழிவில் வரும் பயறைப் பார்த்தே மொத்தச் சரக்கையும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பெயர் மாதிரி பார்ப்பது.

"அடியில, நடுவுல, மேலன்னு குத்திப் பாக்கியளா?"

"பாக்கோம்பா. ஆழத்துக்கு ஒரு மாதிரி எடுக்கோம்."

"அப்பம் பெட்டி இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதன்பின் போன் போட்டால் முதல் கேள்வியே, "இந்த வாரம் பாசி எப்படி?" தெருவெல்லாம் அவர் என் பெருமை பேசியதில் பக்கத்து மண்டி அண்ணாச்சி, "தூத்துக்குடிப் பாசி நமக்கும் ரெண்டு மூட்டை சொல்லி வைங்க" என்று கேட்டாராம். அப்பா மறுக்கவில்லை. "வெளைச்சல் வரட்டும்" என்றாராம்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாசியால் மாறும் கடலின் நிறத்தைச் செயற்கைக்கோளே பார்த்து அனுப்பிவிடுகிறது, நானும் வாராவாரம் அறிக்கை எழுதுகிறேன். மேலிடத்திலிருந்து பதில்கூட வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை.

"என்னக்கா, பாசி எப்படி?" என்றார் கடைக்காரர் மறுபடியும்.

"இந்த வாரம் நல்லா இருக்குப்பா" என்றேன். பயறைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவர் எடை போட்டார்.