இந்தியில் சண்டை, தமிழில் பதில்

தேர்தல் முடிந்து ஊரே அடங்கிவிட்டது. என் கணவருக்கு மட்டும் அடங்கவில்லை. எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் போனில் செய்தி, அதற்கு மேல் வாக்குவாதம். தீவு முன்னால் குடியேறி வந்தவனுக்கா, பின்னால் வந்தவனுக்கா என்று கூடப்பிறந்த தம்பியோடேயே பேச்சை முறித்துக்கொண்டார். சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, முகம் வற்றிவிட்டது. எனக்கு மிஞ்சுவாரா என்று பயந்துதான் மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. இவர் கட்சி தப்பு, என் கட்சிதான் சரி என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிடுவார் பாருங்கள், அதைக் காதால் கேட்க வேண்டும்!

டாக்டர் வங்காளிப் பெண், சின்ன வயது. எந்தக் கட்சி என்று கேட்கவே இல்லை. "நீந்த் ஆதி ஹை? கானா?" என்று தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேட்டார். செய்தி பார்க்காத நாளில் எப்படி இருக்கிறது, வேலையில் மனம் நிற்கிறதா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா என்றார். எதைக் கேட்டாலும் இவர் இந்தியில் அரசியலையே பொரிந்து தள்ளினார். பஜாரிலும் படகுத்துறையிலும் எல்லோரும் சண்டை போடுகிற மொழி அதுதானே. எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். இந்தியில் இவர் டிவி மாதிரிப் பேசுகிறார், வீட்டில் பேசும் மொழியில் நீங்கள் கேளுங்கள் என்று சொல்லி, கேள்வியையும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்சிக்காகக் கத்துகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டேன்.

"என்னங்க, உயிரோட இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணுதா?"

சிரிப்பார், இல்லையென்றால் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"தோணுது. தெனமும் தோணுது. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாளும் இந்த மனிதரை நான் எதிர்க்கட்சியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"க்யா போலே?" என்றார் டாக்டர். என்ன சொன்னார் என்று நான் சொல்லியாக வேண்டும். பிறந்ததிலிருந்து பேசுகிற இந்திதான். ஒரு சொல் வரவில்லை. டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் என் கணவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்சி பேசாத இந்தியில், தாமே அதைச் சொன்னார்.