நிதானத்தின் மூன்றாவது வேட்டு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவர்கள் பாராட்டி வைக்கவில்லை. ஒரு கம்பியைப் பற்றவைக்க அரை நாள் எடுத்துக்கொள்வார். பிறகு அது பிடிக்காமல் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வேலை அப்படி. நீளக் குழாய்த் துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டு, கட்டைவிரல் அளவுப் பெட்டியில் அடைத்த தண்ணீர் மீது மோதும். அந்த அடியில் நசுங்கும் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அவர் அளக்க வேண்டும். அளக்கக் கிடைப்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர், பெட்டி, கம்பி எல்லாம் தூள். நான்கு மாத உழைப்பும் கூடவே போகும். முப்பத்தோரு வருஷத்தில் அளந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒருமுறை கண் சிமிட்டப் போதாது. "இதுக்குச் சம்பளம் வேறயா?" என்று மைத்துனர் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

கடைசி வருஷம் குண்டின் வேகத்தை இதுவரை இல்லாத அளவு கூட்டினார்கள். அப்படி நசுங்கிய தண்ணீர் இரும்பு மாதிரி கடத்தும் என்றது முதல் வேட்டு. இல்லவே இல்லை என்றது இரண்டாவது. மூன்றாவதுதான் தீர்ப்பு. அது அவர் ஓய்வு பெறும் நாளில் வந்து விழுந்தது. பதில் தெரியாமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனமே இல்லை.

பதிவுக்கருவி ஒருமுறைதான் பதியும். குழாயில் ஒட்டிய உணரி சின்ன அதிர்வு கண்டாலும் போதும், கருவி பதிந்துவிட்டு, 'தயார்' என்று காட்டும் சிவப்பு விளக்கை அணைத்துவிடும்; மறுபடி போட்டால்தான் அடுத்த பதிவு. அதனால் விளக்கைப் போட்டபின் நிதானம் இருமக்கூட மாட்டார். கடைசியாக ஒருமுறை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

அன்று விளக்கு எரிந்த மறு நிமிடம் இயக்குநர் பத்துப் பேரோடு உள்ளே வந்தார். வெளியே பேசலாம் என்று நிதானம் கெஞ்சாத குறை. உழைத்த இடத்தில் பாராட்டுவதுதான் மரியாதை என்று இயக்குநர் ஒரே போடாகப் போட்டார். ஆளை மறைக்கும் பூங்கொத்தைக் கையில் திணித்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். பூக்களுக்கு அந்தப் பக்கம் விளக்கு தெரியவில்லை. கொத்தைக் கீழே வைத்தால் தப்பாக நினைப்பார்களே என்று, வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்.

வேட்டு அதிர்ந்தது. திரையில் தண்ணீருக்கான கோடு படுத்துக் கிடந்தது. உணரியின் கோடு மட்டும் முள்முள்ளாக நின்றது.

"பிரமாதம்" என்றார் இயக்குநர்.

"இது தண்ணி இல்லீங்க. நீங்க கைதட்டினது." நிதானம் முள் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, எல்லோரும் மறுபடியும் கைதட்டினார்கள்.

அந்தக் கோட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நினைவுப் பரிசாக வீட்டுக்கே அனுப்பி வைத்தார் இயக்குநர். மனைவி அதைக் கூடத்தில் மாட்டிவிட்டுக் கேட்டாள்: "கடைசில தண்ணி கடத்துச்சா, இல்லையாங்க?"

"தெரியாமலே வந்துட்டேன்." அவர் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். "பதினோரு பேர் கைதட்டினாங்க. அது மட்டும் துல்லியமா பதிவாயிருக்கு."