ஏரித் தண்ணீரில் ஓடிய படகு

எங்கள் ஆய்வக இயக்குநருக்கு வேதியியல் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்ததை ஒரு புகைப்படத்துக்காக மறந்துவிடத் தெரியும். அதுதான் அவருடைய திறமை.

நான் அவருக்குக் கீழே வினையூக்கிகளின் மேற்பரப்பை ஆராய்கிறேன். போரோஹைட்ரைடு என்ற வெள்ளைப் பொடிக்குள் ஹைட்ரஜன் அடங்கிக் கிடக்கிறது. பொடி கரைந்த நீர் கோபால்ட் பூசிய தகட்டைத் தொட்டால் வாயு வெளியேறும். அதை எரிபொருள் மின்கலத்துக்குக் கொடுத்தால் மோட்டார் சுற்றும். வாயு பிறப்பதற்கென்று தகட்டின் மேல் நுண்ணிய இடங்கள் உண்டு. ஹைட்ரஜன் வரும், நிற்கும், கிளம்பும். கந்தகம் உட்கார்ந்தால் எழுந்திருக்காது, வாயு நின்றுபோகும். பழவேற்காடு ஏரிச் சேற்றில் கந்தகம் இருப்பதை அறிய ஆய்வகம் வேண்டாம், மூக்கு போதும்.

ஆகவே அந்த ஏரியில் இதை வைத்துப் படகு ஓட்டிக் காட்டப் போன அன்று, காய்ச்சி வடித்த நீரைக் கேன்களில் எடுத்துப் போயிருந்தேன். லைட்ஹவுஸ் குப்பம் போய்ச் சேர்ந்ததும், அவை ஜீப்பிலேயே இருக்கட்டும் என்றார் இயக்குநர். மீனவர்களின் ஏரித் தண்ணீரிலேயே மீனவர்களின் படகு ஓட வேண்டுமாம். கேமராக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் கந்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

படகுக்காரர் எனக்குத் தெரிந்தவர். அன்று அவருடைய பாடு. ஏரியில் இறால் ஓடும் இடத்தில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது, முறை வைத்துத்தான். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தன் நாளைத் தவறவிட்டவர் சுற்று முடிந்து திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். நீரோட்டம் திரும்புவதற்குள் படகை விட்டுவிடுவதாக இயக்குநர் சொன்னதால்தான், தன் இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் மோட்டாரை மாட்ட இடம் கொடுத்தார்.

குடத்தில் மொண்ட ஏரி நீரில் பொடியைக் கரைத்தோம். தகடு நுரைத்தது. படகு கரையோரமாகச் சிறிது தூரம் போயிற்று. கைதட்டினார்கள். பிறகு நுரை மெலிந்து நின்றது. தண்ணீரை மாற்றச் சொன்னார் இயக்குநர், அதே ஏரியிலிருந்து. மறுபடியும் மாற்றச் சொன்னார். கடைசியில் தகட்டைத் தட்டிப் பார்த்தார், பழைய ரேடியோவைத் தட்டுவதுபோல.

முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர், "ஓட்டம் திரும்பிடும் சார். படகு வேணும்" என்றார்.

"நாளைக்குப் போய்க்கங்களேன்" என்றார் இயக்குநர்.

வலையோடு நின்றிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "நாளைக்கு வேற ஆளு பாடு சார். அந்த எடத்துல நாங்க கட்டுனா ஊரே வந்து அவுத்துப் போடும். உங்க ஆபீஸ்ல இன்னா, யாரு வேணா யாரு நாற்காலில வேணா குந்திக்குவாங்களா?"

ஊர்ப் பெரியவர்களிடம் தாம் பேசிக்கொள்வதாக இயக்குநர் சொன்னார். யாரிடம் பேசினால் கந்தகம் இறங்கும் என்று சொல்லவில்லை.

படகுக்காரர், தகடும் மின்கலமும் இருந்த எங்கள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். நான் ஒரு பக்கம் பிடிக்க, மணலில் இறக்கி வைத்தார். இன்ஜினை மாட்ட நேரமில்லை. கோல் ஊன்றியே அவரும் மனைவியும் போனார்கள்.

இயக்குநர் அந்தப் பெட்டி பக்கத்தில் நின்று பேட்டி கொடுத்தார். இங்குள்ள மக்களுக்கு அறிவியல் மனப்பான்மை இன்னும் வரவில்லை என்று வருத்தப்பட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் ஏறவில்லை.

சாயங்காலம் படகு திரும்பியது. இறாலில் கூடையின் அடிதான் மறைந்திருந்தது.

"பாதி ஓட்டம் போனப்பறம்தான் கட்ட முடிஞ்சிது" என்றார் படகுக்காரர். "இனி சுத்து வந்தாத்தான். அடுத்த தபா உங்காளு கேட்டா, வேற படகப் பாத்துக்கச் சொல்லு நைனா."

சொல்கிறேன் என்றேன்.